ஐந்தாம் அறையின் சுவர்

நவம்பர் 4

நான்கு அறைகள் முடிந்துவிட்டன. பாக்கி ஒன்றுதான்.

இந்த வீட்டை விடுதியாக்கப் போகிறேன் என்று சொன்னபோது தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. நாகப்பட்டினத்துக்கு வருகிறவன் நாகூருக்குப் போவான், வேளாங்கண்ணிக்குப் போவான், உங்கள் வீட்டுக்கு எதற்கு வரப்போகிறான் என்று எதிர்வீட்டு ஸ்டீபன் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவள். இந்தத் துறைமுகத்தில் யார் யாரெல்லாம் வந்து இறங்கினார்கள் என்று வாசலிலேயே ஒரு பாடம் நடத்திவிட்டேன். பாதியில் அவருக்கு வீட்டுக்குள் குக்கர் விசில் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. ஊருக்கு எத்தனை காலமோ, வீட்டுக்கு அத்தனை அறை. முதல் அறை விகாரை அறை. கடல் கடந்து வந்த பௌத்தர்கள் இங்கே கட்டிய விகாரையை நினைத்து, காவி மஞ்சள் சுவர், சின்னதாக ஒரு புத்தர், தரையில் கோரைப்பாய். இரண்டாவது சோழர் அறை. சுவர் முழுக்கக் கப்பல்கள். மூன்றாவது டச்சு அறை, நீலமும் வெள்ளையும். நான்காவது ரயில் அறை. இங்கிலீஷ்காரன் இங்கேயிருந்து ரயில் விட்ட காலத்துக்கு ஒரு பிரம்பு நாற்காலியும், பழைய ஸ்டேஷன் மணி மாதிரி ஒன்றும். ஒவ்வொரு வாசல் மேலும் ஒரு மரப்பலகையில் அந்தக் காலத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும்.

சோழர் கப்பலில் புலிக்கொடி வரைய வந்த பையன் பூனைக்கொடி வரைந்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஐந்தாவது அறைதான் தெருப்பக்க அறை. அவருடைய மேசை, குடை, பழைய பாய்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. இத்தனை வருஷமாகச் சாமான் அறையாகவே இருந்துவிட்டது. ஒழிக்க வேண்டும்.

நவம்பர் 6

மகன் ஜெரால்டு பெங்களூரிலிருந்து பேசினான். ஒப்பந்தத்தை மறுபடி ஞாபகப்படுத்தினான். கிறிஸ்துமஸுக்குள் ஐந்து அறையும் திறந்துவிட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். இல்லையென்றால் வீட்டைக் கொடுத்துவிட்டு நான் அவனோடு போய்விட வேண்டும். இதற்கு நானே தலையாட்டினேன், யாரும் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. திறந்துவிடலாம் என்ற தைரியம்தான்.

"ரூம் எல்லாம் ரெடியாம்மா?"

"ரெடியாயிட்டே இருக்கு."

"நாலுதானே ரெடி? அஞ்சுன்னு பேச்சு."

வக்கீலுக்குப் படிக்க வைத்தது என் தப்பு.

நவம்பர் 9

முதல் முன்பதிவு! கரூரிலிருந்து ஒரு குடும்பம். ஐந்து அறையும் வேண்டுமாம். டிசம்பர் இருபத்துநாலு வந்து இருபத்தேழு போகிறார்கள். போனில் பேசிய பெண் மரியாதையான குரலில் சொன்னாள்: "வருஷா வருஷம் வருவோம்ங்க. எங்க அக்காவும் அவ குழந்தையும் வேளாங்கண்ணிக்கு வந்த இடத்துல போயிட்டாங்க. இந்த வருஷம் இருபதாவது வருஷம்ங்க. அம்மா எல்லாரும் ஒண்ணா ஒரே வீட்டுல தங்கணும்னு ஆசைப்படறாங்க."

எந்த வருஷம், எந்தக் காலை என்று நான் கேட்கவில்லை. இந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்டாயம் வாங்க என்றேன். போனை வைத்ததும் ஐந்தாம் அறையைத் திறந்தேன். கரையான் இல்லை. அதுவே பெரிய விஷயம்.

நவம்பர் 10

சாமான்களை மாடிக்கு ஏற்றியாயிற்று. அவருடைய மேசை மட்டும் கனம். அது அங்கேயே இருக்கட்டும். குடையும் ஆணியில் தொங்கட்டும், யாரையும் கடிக்காது.

கலியமூர்த்தி மேஸ்திரி வந்து சுவரைப் பார்த்தான். இடுப்பு உயரம் வரைக்கும் சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அதற்கு மேல் சுவர் சுத்தம். நடுவில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்? சுரண்டி, பட்டி பார்த்து, ரெண்டு கை பிரைமர் விட்டா சுவரு கண்ணாடி மாதிரி ஆயிடும். மூஞ்சி பார்த்துக்கலாம்."

என் மூஞ்சியைப் பார்க்க எனக்கு வேறு கண்ணாடி இருக்கிறது, உப்பு வராமல் இருந்தால் போதும் என்றேன்.

நவம்பர் 13

சுரண்டினார்கள். பட்டி பார்த்தார்கள். வாடை போக ஜன்னலைத் திறந்துவைத்தேன். மீன் கொண்டுவரும் பூங்காவனம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கூடையை இறக்காமலே நின்றாள்.

"இந்த ரூமத் தொறந்துட்டியளா டீச்சர்?"

"திறந்தாச்சு. சங்கரா இருக்கா?"

"இருக்கு," என்றாள். ஆனால் கூடையை இறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மீன் நன்றாக இருந்தது. குழம்பு வைத்தேன்.

நவம்பர் 17

இரண்டு கை பிரைமர். கண்ணாடி என்று சொல்ல முடியாது, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

அறையை எப்படி அலங்கரிப்பது என்று யோசனை சொல்லச் சென்னையிலிருந்து தாரிகா வந்தாள். என் பழைய மாணவியின் மகள். உள் அலங்காரம் படித்தவள். மற்ற நான்கு அறைகளுக்கும் துணியும் விளக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அவள்தான். வாய் ஓயாது, கையும் ஓயாது. எனக்குப் பிடித்த பெண்.

"இந்த ரூமுக்கு நான் ஒரு சூப்பர் ஐடியா வச்சிருக்கேன் ஆன்ட்டி. பினாங்குக் கப்பல்! இங்கிருந்துதானே மலேயாவுக்குக் கப்பல் போச்சு? சுவர் ஃபுல்லா கடல், அந்த மூலைல பழைய டிரங்குப் பெட்டி, வட்ட ஜன்னல் மாதிரி கண்ணாடி..."

"கடல் வேண்டாம்."

"ஏன் ஆன்ட்டி? நாகப்பட்டினத்துல கடல் இல்லாம..."

"சோழர் அறையில் போதுமான கடல் இருக்கிறது. வேறு யோசி."

அவள் வேறு யோசிப்பதாகச் சொன்னாள். போகும்போது காரிலிருந்து ஒரு பெரிய காகித ஸ்டாரை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு. வால் நீளமானது. கிறிஸ்துமஸுக்கு முதல் விருந்தாளிகள் வரும்போது வாசலில் எரிய வேண்டுமாம். ஒயரிங் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

நவம்பர் 18

ஒயரிங் சரியாகத்தான் இருக்கிறது. போன மாதம்தான் முழுவதும் மாற்றினேன். இந்த வீட்டில் ஸ்டார் கட்டுவது அவர் வேலை, அவ்வளவுதான். நாற்காலி போட்டு ஏறுவார், நான் கீழே நின்று இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பேன், அவர் இல்லை என்பார்.

நவம்பர் 21

கீழ்ச் சுவரில் நெல்லிக்காய் அளவில் ஒரு கொப்புளம். ஒன்றே ஒன்று.

நவம்பர் 22

ஒன்று இல்லை. வரிசையாக.

நவம்பர் 23

பட்டி பாளம் பாளமாக உரிந்து விழுகிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தான். "பழைய சுவரு டீச்சர். சுண்ணாம்புக் காரை. அது உறிஞ்சி வச்சிருக்கு. இப்ப கக்குது."

"இருபது வருஷமாகவா கக்கும்?"

"அன்னிக்கி எவ்வளவு குடிச்சுதோ, யாருக்குத் தெரியும்?"

ஊருக்கே தெரிந்தது, நாட்குறிப்புக்கும் தெரியட்டும். இது 2004 டிசம்பர் 26 காலையில் இந்த அறைக்குள் கடல் வந்து நின்ற அளவு. மற்ற அறைகள் உள்ளே தள்ளி, படி உயரத்தில் இருப்பதால் அங்கே பாதம் நனைகிற அளவுதான். இங்கேதான் நின்றது, சாயங்காலம் வரைக்கும். நானும் ஜெரால்டும் கோயிலில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. கோயில் மேட்டில் இருக்கிறது.

கரூர் அம்மா பெற்ற பெண்ணையும் பேரக்குழந்தையையும் பறிகொடுத்தவள். அவளை இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பேனா? மூடித்தான் ஆக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. சிமென்ட் பூசிவிட்டால் உப்பு எங்கே போகும்?

நவம்பர் 24

கலியமூர்த்திக்கும் என் யோசனை பிடித்துவிட்டது. "சிமென்ட்டு பூசி, மேல தண்ணி புகாத கோட்டிங் ஒண்ணு விட்டுருவோம் டீச்சர். செத்தாலும் வெளிய வராது." நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் காதில் விழாததுபோல மணல் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.

நவம்பர் 25

இடுப்புக்குக் கொஞ்சம் மேல் வரை சிமென்ட். நானே பக்கத்தில் நின்று பூச வைத்தேன். கோடு மறைந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

நவம்பர் 28

புயல் மழை. மூன்று நாளாகக் கரன்ட் வந்து வந்து போகிறது. தெருவில் கணுக்கால் தண்ணீர். வாசலில் மணல் மூட்டை போட்டேன். நான்கு அறைகளிலும் ஒழுகல் இல்லை. புத்தர் காய்ந்த மேனியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்தாம் அறையைத் திறந்து பார்க்கவில்லை. மழை ஈரத்தில் திறக்கக் கூடாது என்று கலியமூர்த்தி சொல்லியிருக்கிறான். சொல்லவில்லை. நானாக எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 2

மழை விட்டது. திறந்தேன்.

சிமென்ட் அப்படியே இருக்கிறது. கல் மாதிரி. அதற்கு மேலே, இதுவரைக்கும் சுத்தமாக இருந்த சுண்ணாம்புச் சுவரில், என் நெஞ்சு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. கீழே வழி அடைத்ததும் மேலே ஏறிவிட்டது. அன்றைக்கு வந்த தண்ணீர்கூட இவ்வளவு உயரம் ஏறவில்லை.

ரொம்ப நேரம் அவருடைய மேசையில் கையை ஊன்றி நின்றேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கலியமூர்த்தியைக் கூப்பிட்டு அவன் மேல் காட்டினேன், அவன்தான் பக்கத்தில் இருந்தான்.

டிசம்பர் 5

தாரிகா வந்தாள். சுவரைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி! இத ஏன் மறைக்கறீங்க? விகாரை, சோழர், டச்சு, ரயில்... எல்லாம் நாம கடைல வாங்கி ஒட்டினது. இது மட்டும்தான் ஒரிஜினல். இதுதான் ரியல் லேயர்! சிமென்ட்ட எடுத்துட்டு, அந்த லைன்ல ஒரு லைட் விட்டோம்னா செமையா இருக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து இரண்டு மூன்று படம் பிடித்தாள். எங்கேயோ போடவும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் யார் யாரோ அதில் இதயம் விடுகிறார்கள் என்று காட்டினாள். 'வாவ்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

"எடு அதை," என்றேன்.

"ஆன்ட்டி, நல்ல ரெஸ்பான்ஸ்..."

"எடுன்னு சொல்றேன்ல? அந்தக் கோட்டுக்கு அடியில என்னென்ன மிதந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? லைட்டு விடறாளாம் லைட்டு!"

பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிக் கத்தினதில்லை. குழந்தை முகம் வெளுத்துவிட்டது. படத்தை அழித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். அவள் பிறந்தது 2003-ஆம் வருஷம். அவளுக்கு அது நான் நடத்துகிற டச்சுப் பாடம் மாதிரிதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாளைக்கு அவளுக்கு போன் செய்ய வேண்டும்.

டிசம்பர் 6

போன் செய்யவில்லை. ரயில் அறைக்குத் திரைச்சீலை தைத்தேன்.

டிசம்பர் 8

பூங்காவனத்தை உள்ளே அழைத்து, ஒவ்வொரு அறையாகக் காட்டினேன். இத்தனை வருஷம் மீன் கொடுத்தவள், வீட்டுக்குள் வந்து பார்த்ததே இல்லை. புத்தருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். பூனைக்கொடியைப் பார்த்துச் சிரித்தாள். டச்சுத் தட்டுகளைத் தொட்டுப் பார்த்து, "இதுல சோறு திங்கலாமா?" என்றாள். சாப்பிடக் கூடாது, பார்க்கத்தான் என்றேன். "அப்ப என்னத்துக்குத் தட்டு?" என்றாள். நியாயமான கேள்வி.

ஐந்தாம் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இத என்ன பண்ணப் போறிய?"

"தெரியல பூங்காவனம். ஒருத்தி மறைக்காதேங்கிறா. நீ சொல்லு."

"மூடுங்க டீச்சர்." அவள் குரல் கடினமாக இருந்தது. "எங்க வூட்டுல நாலு சுவரும் போச்சு, பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நல்லதாப் போச்சுன்னு நெனைப்பேன். இருந்தா தெனைக்கும் அதுதானே கண்ணுல படும்? என் ரெண்டு புள்ளையும் இந்த ஒசரந்தான் இருந்துதுங்க."

கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்குப் பரவால்ல டீச்சர். நீங்க இன்னும் அவுகளுக்குக் கதவத் தொறந்து வச்சிருக்கிய," என்றாள்.

நான் கதவையெல்லாம் திறந்து வைப்பதில்லை. எட்டு மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்.

டிசம்பர் 9

நேற்று எழுதியது பொய். தெருக்கதவுக்கு மேல்தாழ் போடுவதில்லை. வெளியிலிருந்து குச்சி விட்டு நெம்பினால் திறக்கிற மாதிரி கீழ்த்தாழ் மட்டும்தான். அந்த வித்தை தெரிந்தவர் ஒருவர்தான்.

டிசம்பர் 11

ஜெரால்டு: "அம்மா, டேட் நெருங்குது."

"சுவர் ஒண்ணுதான் பாக்கி."

"எந்த ரூம்?"

"தெருப்பக்கம்."

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா போய் இருபது வருஷம் ஆச்சும்மா. நீங்க லாட்ஜ் நடத்தணும்னு அங்க உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. அவர் வருவாருன்னு உக்காந்திருக்கீங்க. அதான் எனக்குப் பயம்," என்றான்.

பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை.

கண்ணால் பார்த்தவள் சொல்லலாம் போய்விட்டார் என்று. நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கரைக்கு நடக்கப் போனார். "நேரா கோயிலுக்கு வந்துடறேன், எனக்கு இடம் போட்டு வை," என்று சொன்னார். போட்டு வைத்தேன். துணிப்பையை வைத்து. மழையில்லாததால் குடையை விட்டுப் போனார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் போய்விட்டார் என்பதற்கு என்ன இருக்கிறது?

டிசம்பர் 14

மறுபடியும் மழை. உப்பு இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கிறது. ஜன்னலின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் கூரையைத் தொடும்.

டிசம்பர் 15

இன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, கலியமூர்த்தி விட்டுப்போன சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். சிமென்ட்டை உடைக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாதுதான். கர்த்தர் மன்னிப்பார், அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் அன்றைக்கு.

முதல் அடியில் சுத்தியல்தான் துள்ளியது. பிறகு ஒரு விளிம்பு கிடைத்தது. அங்கிருந்து பாளம் பாளமாக வந்தது. சிமென்ட்டுக்குப் பின்னால் சுவர் நசநசவென்று ஈரம். இத்தனை நாள் மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஸ்டீபன் ஓடி வந்தார். திருடன் என்று நினைத்தாராம். "என்ன டீச்சர் இது, கல்யாண வீட்டுக்கு மாவு இடிக்கிற மாதிரி இடிக்கிறீங்க?" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் கூடையை எடுத்து இடிபாடுகளை அள்ளிக் கொட்டினார். சாயங்காலம்தான் வீட்டுக்குப் போனார்.

கைகள் இரண்டும் கொப்புளம். பேனா பிடிக்க வலிக்கிறது. இன்றைக்குத்தான் இந்தச் சுவரை முழுதாகப் பார்த்தேன். செங்கல், சுண்ணாம்புக் காரை, நடுநடுவே கிளிஞ்சல் துண்டு. ஒளித்து வைத்தது என்று அதில் ஒன்றுமே இல்லை. நான் எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 16

தாரிகாவுக்கு போன் செய்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டது அவள்தான். நான் கேட்கும் முன் கேட்டுவிட்டாள், கெட்டிக்காரி. சுவரை என்ன செய்யலாம் என்றேன். பெயின்ட் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு மெல்லிசாக ஒரு கை விட்டால் சுவர் தன் பாட்டுக்கு மூச்சு விடும், உதிர்ந்தால் வருஷா வருஷம் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்றாள்.

"கோடு தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. மங்கலாத் தெரியும். லைட்டெல்லாம் வேணாம்."

டிசம்பர் 20

சுண்ணாம்பு பூசியாயிற்று. கலியமூர்த்தி இந்தத் தடவை கண்ணாடி என்று சொல்லவில்லை. வழக்கம்போல வாசலுக்குப் பலகை எழுத வந்தான். என்ன எழுத என்றான். பிறகு சொல்கிறேன் என்றேன். வெறும் பலகையை மாட்டிவிட்டுப் போனான்.

பூங்காவனம் பார்த்தாள். "மூடலியா?" என்றாள். மூட மூட மேலே ஏறுகிறது என்றேன். அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வஞ்சிரம் இருபத்துநாலாம் தேதி கொண்டுவருவதாகச் சொன்னாள்.

டிசம்பர் 23

கரூர் அம்மாவுக்கு என் அறையைக் கொடுப்பதாக முடிவு. சமையலறைக்குப் பக்கத்தில், காற்று வரும், குளியலறை உள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் அறையில் நான் படுத்துக்கொள்கிறேன். ஜெரால்டு கணக்கில் அது ஐந்து அறை ஆகுமா ஆகாதா என்று அவனே வழக்காடிக்கொள்ளட்டும்.

கட்டிலை மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். முன்பு கிடந்த இடம் அதுதான்.

டிசம்பர் 24

வந்துவிட்டார்கள். பதினோரு பேர், குழந்தைகளோடு. வீடு இப்படிச் சத்தம் போட்டு எத்தனை காலம்! பெரிய பேரன்கள் சோழர் அறையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பொடியன், "பாட்டி, கொடியில ஏன் பூனை இருக்குது?" என்று கேட்டுவிட்டான். கடலில் எலி அதிகம் என்றேன்.

சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு வரும்போது, ஐந்தாம் அறை வாசலில் கரூர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ராஜேஸ்வரி அம்மாள் என்று பெயர். என் வயதுதான் இருக்கும், இல்லை, கொஞ்சம் கூட. கதவைச் சாத்த மறந்திருந்தேன். நான் பதறிப் போனேன்.

"இது அன்னைக்கு வந்த தண்ணிங்களா?"

"ஆமாங்க. மன்னிக்கணும், பூசித்தான் பார்த்தோம்..."

அவர் உள்ளே போய்க் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. துடைக்கவில்லை.

"வருஷா வருஷம் வர்றோமுங்க. லாட்ஜுல எல்லாம் பளபளன்னு இருக்கும். ஒருத்தர்கூட, அம்மா இங்கதான் நின்னுச்சு, இவ்வளவுதான் ஒசரம்னு காட்டுனதில்லைங்க. நானு மனசுக்குள்ள அதப் பனை ஒசரத்துக்கு வச்சிருந்தேன். இவ்வளவுதானுங்களா?"

"இங்க இவ்வளவுதான். கரையில இதைவிட அதிகம்."

"இந்த ரூமு எனக்குக் குடுங்கம்மா."

"இல்லீங்க," என்றேன். "இது எங்க ரூம். நானும் எங்க வீட்டுக்காரரும் இருந்தது."

'இருந்தது' என்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவருமாங்க?"

தலையை ஆட்டினேன். அந்த அம்மா சுண்ணாம்புக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவிகளும் கட்டிலில் உட்கார்ந்து அழுதோம். காபி ஆறிப்போனதால் மறுபடி போட்டேன்.

விளக்கு வைத்ததும் தாரிகா கொடுத்த ஸ்டாரை எடுத்தேன். நாற்காலி போட்டு நானே ஏறினேன். பெரிய பேரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டிலிருந்து ஸ்டீபன், "டீச்சர், இடது பக்கம் சாஞ்சிருக்கு!" என்று கத்தினார். இல்லை என்றேன்.

சாய்ந்துதான் இருக்கிறது. இருக்கட்டும்.

டிசம்பர் 25

ஆராதனை. பிரியாணி. பூங்காவனத்தின் வஞ்சிரம். எழுத நேரமில்லை.

டிசம்பர் 26

காலையில் கோயில் மைதானத்தில் நினைவுக்கூட்டம். ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எனக்கு அன்றைக்குத் தலைவலி வரும். இந்த வருஷம் வரவில்லை.

எல்லாச் சாதி, எல்லா மதத்து ஜனமும் வந்திருந்தது. பூங்காவனம் முன்வரிசையில் நின்றாள். ராஜேஸ்வரி அம்மாள் என் கையை விடவே இல்லை. மணி அடித்ததும் ஒவ்வொருவராக முன்னே போய், மெழுகுத்திரி கொளுத்தி, தம்முடையவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். சிலர் ஒரு பெயர் சொன்னார்கள். சிலர் சொல்லி முடிக்கவே நேரமாயிற்று. பூங்காவனம் இரண்டு பெயர் சொன்னாள். ராஜேஸ்வரி அம்மாள் இரண்டு பெயர்.

என் முறை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த நாட்குறிப்பில்கூட எழுதியதில்லை. போதகர் என் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லாரும் பார்த்தார்கள், எல்லாருக்கும் தெரியும், இருபது வருஷமாக எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

எபநேசர், என்றேன். சத்தமாகத்தான் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல்.

வீட்டுக்கு வந்து ஜெரால்டுக்கு போன் போட்டேன். அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவன் அழுதுவிட்டான். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப இனிமே நீங்க இங்க வந்துடலாமேம்மா," என்றான் கடைசியில்.

"வர மாட்டேன். அஞ்சு ரூமும் திறந்தாச்சு. கரூர்க்காரங்க அடுத்த வருஷத்துக்கும் இப்பவே சொல்லிட்டாங்க. பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து ஆள் வருது. எனக்கு வேலை இருக்கு ஜெரால்டு."

"அப்பாவுக்காக இல்லையே?"

"இல்ல. எனக்காக."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

கலியமூர்த்தி வாசலில் காத்திருந்தான். பலகைக்கு என்ன எழுதுவது என்று மறுபடி கேட்டான். மற்ற பலகைகளில் இருப்பதுபோலவே, மேலே பெயர், கீழே ஆண்டு என்றேன். அவன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர்," என்றான். எபநேசர், 2004 என்று சொன்னேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினான்.

இப்போது கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மேல்தாழும் போட்டாயிற்று. துருப்பிடித்திருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியிருந்தது.